பூத்தில் ஆறுமுகத்தை நிறுத்திவைத்த காலை

இலங்கையின் கேகாலையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் என்பதால், தேர்தல் வந்தால் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் இருக்கும் பூத்தில்தான் டியூட்டி போடுவார்கள். வாக்காளரின் பெயரைக் கட்சி ஏஜன்ட்மாருக்குக் கேட்கும்படி உரக்க வாசிப்பது என் வேலை.

நாடு சுதந்திரம் பெற்ற கையோடு இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் சனத்தின் வோட்டைப் பறித்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தும், யுத்தத்தில் கப்பல் நின்றதால் போக முடியாதவர்களுக்கு 2003இல் வந்த சட்டம்தான் பிரஜாவுரிமை தந்தது. நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு வந்த தேர்தல்.

காலையில் முதல் ஆளாக ஆறுமுகம் வந்தார். ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர்; எண்பதை நெருங்கியவர்; அந்தச் சட்டத்தால் பிரஜையானவர். பெயரை வாசித்தேன். ஓர் ஏஜன்ட் எழும்பி, சிங்களத்தில் சத்தம் போட்டார்.

"இவன் இந்தியாக்காரன். பாஸ்போர்ட் எடுத்தவன். வோட்டுக் குடுக்க ஏலாது!"

ஆறுமுகத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். முகம் சுண்டிப்போனது. என்னிடம் தமிழில் சொன்னார்:

"சொதந்திரத்துக்கு முந்தி ஒருக்கா போட்டேங்க. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் கூப்புட்டாங்க. பிரச்சினைன்னா நா போயிர்றேன். ஆனா என்னய திருப்புனா வெளிய நிக்கிற சனமும் போயிரும்."

ஜன்னல் வழியே பார்த்தேன். அவருடைய மனைவி உட்படச் சிலர் வரிசையை விட்டு ஏற்கனவே விலகியிருந்தார்கள்.

பூத்துக்குப் பொறுப்பான எங்கள் பிரசைடிங் ஒபிசர் சிங்களவர். அதிகம் பேசாதவர். ஏஜன்டைக் கேட்டார்: "இவர் ஆறுமுகம் இல்லையா?"

"ஆறுமுகம்தான். ஆனா..."

"பேர் பதிவுல இருக்கு. ஆளும் அவர்தான். இதுக்கு மேல கேக்க உங்களுக்கும் அதிகாரம் இல்ல, எனக்கும் இல்ல."

"நான் கட்சி மேலிடத்துல சொல்லுவேன்!"

"சொல்லுங்க. நான்தான் விட்டேன்னு என் பேரையும் சொல்லுங்க."

அப்படிச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் தைரியம் வேண்டும். ஏஜன்ட் உட்கார்ந்துவிட்டார். ஆறுமுகத்தின் விரலில் மை பூசினார்கள். வோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, வாசலில் நின்றே கூப்பிட்டார்:

"வாங்க புள்ள! ஒண்ணும் சொல்லல, எல்லாரும் வாங்க!"

விலகியவர்கள் திரும்பி வந்தார்கள். மத்தியானம் வரை எனக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை.

கொழும்பில் சட்டம் நிறைவேறினால் உரிமை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது தோட்டம் வரை வர வேண்டுமானால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் நியாயமாக நடக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். இந்த உத்தியோகத்துக்கு வரும் பிள்ளைகளே, ஒருநாள் அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள்.