படாக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கால் இரண்டும் நன்றாக இருக்கிறவர்கள் பார் வேலைக்குத் தாராளமாக வரலாம்; போகும்போதும் அதே கால்களோடு போவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கண்டக்டர்களே, ஜவுளிக்கடைத் தம்பிகளே, சலூன்காரர்களே, நின்றே பிழைக்கிற சகல பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நான் நிற்பது போர்ட் பிளேரை விட்டுச் சற்றுத் தள்ளி, வெள்ளைக்காரன் காலத்து பார் ஒன்றில். தரை, கூரை, கவுண்டர் எல்லாம் சிவப்புப் படாக் மரம். அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த சின்ன முதலாளிக்கு ஒரே மந்திரம்: உள்ளே எதையும் மாற்றக் கூடாது. பழசைப் பார்க்கத்தான் டூரிஸ்ட் வருகிறார்களாம். வெள்ளைக்காரன் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி போடவில்லை, அதனால் எனக்கும் கிடையாது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்காவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியது ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

ஓடாத கடிகாரம்

சுவரில் ஆளுயரக் கடிகாரம். ஓடாது. ரிப்பேர் செய்தால் ஒரிஜினல் போய்விடும் என்று முதலாளி யாரையும் தொட விடுவதில்லை. டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கும் கான்ட்ராக்டர் செல்வம், அப்போது கடைக்குப் புதுசு, ஒரு நாள் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். சென்னையில் தங்கச்சி மகள் கல்யாணம், சாயங்காலம் மெயின்லேண்ட் கப்பல். போனில் சார்ஜ் இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பார், "அபி பஹுத் டைம் ஹை", இன்னும் நிறைய நேரம் இருக்கு என்பார், இன்னொரு பெக் சொல்வார். நானோ டூரிஸ்ட் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

கப்பல் சங்கு ஊதியதும்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. விழுந்தடித்து ஓடினார். கொஞ்ச நேரத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்தார். போச்சுடா, இன்றைக்கு நம்மை வெட்டப்போகிறார் என்று நடுங்கினேன். மனுஷன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே அவசரம் இல்லண்ணே, நிதானமா ஊத்துங்க."

காற்று

கூரையில் கயிற்றால் இழுக்கிற துணி விசிறி ஒன்று தொங்குகிறது. இழுக்க ஆள் இல்லை, மின்விசிறி மாட்டவும் அனுமதி இல்லை. பத்துபஸ்தியிலிருந்து தினமும் வரும் வங்காளி தாதா (ரவுடி இல்லை, அவர்கள் பாஷையில் அண்ணன்) நம்மாட்களோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். புழுக்கம் தாங்காமல் ஒரு மத்தியானம் எழுந்து கயிற்றை அவரே பிடித்து இழுத்துவிட்டார். காற்று வரவில்லை. மேலே இருந்த குப்பையெல்லாம் அவர் கிளாஸுக்குள் கொட்டியது. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்: "அரே பாய், இந்தத் தூசியும் ஒரிஜினல்தானா?"

பீர் பெட்டி

வலி பொறுக்காமல் ஒரு பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார ஆரம்பித்தேன். ஆகா, என்ன சுகம்! இரண்டே நாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் கடிகாரம், விசிறி என்று வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். என் முன்னால் வந்ததும் முகத்தைச் சுளித்தாள். கோபமெல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்: "அங்கிள், கொஞ்சம் எழுந்து நில்லுங்க, உட்கார்ந்தா பழைய மாதிரி இல்ல."

நாற்காலி

அன்றைக்கு முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "தம்பி, நாற்காலி போடுங்க, இல்லேன்னா நான் கிளம்புறேன்." பார்க்கிறேன் அண்ணே என்றார். அடுத்த வாரம் ஜங்லிகாட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது, படாக் மரத்தில், பிரம்புப் பின்னலோடு, ராஜா மாதிரி ஒரு நாற்காலி. கவுண்டருக்குப் பின்னால் அவரே கொண்டுவந்து போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வமும் தாதாவும் கிளாஸைத் தூக்கிக் காட்டினார்கள். உட்காரக் குனிந்தேன்.

முதலாளி பையிலிருந்து சிவப்பு ரிப்பன் எடுத்து நாற்காலியின் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குக் குறுக்கே கட்டினார். "வெள்ளைக்காரன் உட்கார்ந்ததுண்ணே, பிரம்பு தாங்காது. டூரிஸ்ட் கேட்டா காட்டுங்க." போய்விட்டார். நாற்காலி அடைத்துக்கொண்டதில் இப்போது ஒருக்களித்துத்தான் நிற்க முடிகிறது. அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். செல்வம் பக்கத்து இருக்கையைத் துண்டால் தட்டினார்: "வேலைக்காரனா இருந்தா நின்னுதான் சாகணும், காசு குடுத்துக் குடிக்க வாங்கண்ணே, யாரு எழுப்புறான்னு பார்ப்போம்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அதே பாருக்குப் போய், கவுண்டருக்குப் பின்னால் முதலாளி ஒருக்களித்து நின்று தவிக்க, ஒரு சோடாவைச் சொல்லிவிட்டு அந்தி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் அந்த பார் இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.