ஸ்டியரிங்கைத் தொடாத முப்பத்திரண்டு வருடங்கள்

பிரான்சில் எந்தக் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லவேண்டும். யாருக்கு என்று கேட்கக்கூடாது, அறைக்குத்தான். உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் கடமை தவறாமல் திருப்பிச் சொல்வார்கள். அதோடு சரி. பிறகு ஒரு மணி நேரமானாலும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நம் வில்லியனூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் இதற்கு நேர்மாறு. வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது, எடுத்தவுடன் ‘இன்னா உடம்புக்கு?’தான். மருந்துச் சீட்டு கைக்கு வருவதற்குள் உங்கள் சர்க்கரை அளவு, மகளுக்கு வந்த வரன், பங்காளித் தகராறு மூன்றும் ஊர்ப் பொதுச்சொத்தாகியிருக்கும். இருபத்தைந்து வருடமாகப் பிரெஞ்சுக்காரர்களின் மௌனத்தைக் கிண்டலடித்து வந்தவன் நான். சென்ற குளிர்காலத்தில் பாரிசுக்கு வெளியே எங்கள் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. யாராவது ‘இன்னா ஆச்சு உனக்கு?’ என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

ஆனது இதுதான். இருபத்தோரு வருடங்கள் ஒரு புத்தகக் கிடங்கில் வேலை பார்த்தேன். புதுச்சேரிப் பக்கம் அபிஷேகப்பாக்கத்தில் இருக்கும் என் அக்காவிடம் ‘புத்தகத் துறை’ என்று சொல்லிவைத்திருந்தேன். பெட்டியில் அடைத்து நாடா ஒட்டுவதும் அந்தத் துறையில் அடங்கும் என்பதை விளக்கவில்லை. அடைக்கிற சாக்கில் அட்டை கிழிந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன், படித்தவன் என்ற பெயரும் கிடைத்தது. ஒருநாள் கிடங்கைத் தொலைவில் வேறிடத்துக்கு மாற்றினார்கள். புது இடத்தில் பெட்டிகளைத் தானாக நகரும் வண்டிகள் அடுக்குமாம். அவை படிக்காது, அதனால் வேலை வேகமாக நடக்குமாம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என்னை விசாரித்த பெண்ணுக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். “உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும், மெசியே?” என்று கேட்டாள். வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. என்னைப் படிக்கவைத்தவர்கள் கேட்கவில்லை, கல்யாணம் செய்துவைத்தவர்கள் நிச்சயமாகக் கேட்கவில்லை. என் மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஊரில் ‘சொல்தா வீடு’ என்றால் அவர் வீடு. பெண்ணோடு குடியுரிமையும் சேர்த்துக் கொடுத்தார், நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். ஆகவே அந்தப் பெண்ணிடம் மரியாதையாக, “நீங்கள் எதைச் சொன்னாலும் செய்கிறேன்” என்றேன். நம் ஊரில் இது பணிவு. அவள் முகம் வாடிவிட்டது. மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்கிறவர்களின் துண்டுப் பிரசுரம் ஒன்றை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். பேருந்து ஓட்டுநர். நாடு முழுக்க ஆள் இல்லை. முதலில் கார் உரிமம், பிறகு பேருந்துக்கான ‘ஃபொர்மாசியோன்’, அதாவது பயிற்சி. முடித்தால் வேலை நிச்சயம். ஒரு மாதத்துக்குள் பதில் சொன்னால் போதும். இத்தனை வருடம் பிரான்சில் இருந்தும் உங்களிடம் ஏன் ‘பெர்மி’, அதாவது ஓட்டுநர் உரிமம், இல்லை என்று கேட்டாள். ரயில் வசதி நன்றாக இருக்கிறது என்றேன்.

உண்மைக் காரணம் ஒரு டிராக்டர். எனக்கு இருபது வயதில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் மாமாவின் டிராக்டர் ஓட்டுபவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான், ஓட்டத் தெரியும் என்று சொன்னேன். தெரிந்தது பாதி. ஆலைக்குப் போகும் வழியில் வாய்க்கால் வளைவில் டிரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. கரும்புக்கட்டுகளின் மேல் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். எங்கள் நிலத்தில் கரும்பு வெட்ட வந்தவன், என் வயதுக்காரன். அவனுடைய இடது கால் கட்டுகளுக்கு அடியில் போனது. அந்தச் சத்தத்தை எழுதப்போவதில்லை. மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். என்னைப் புதுச்சேரி டவுனில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஏழு வருடம் ஒரு கடையில் கணக்கு எழுதினேன், அங்கிருந்து கல்யாணம், அங்கிருந்து பிரான்ஸ். நான் புலம்பெயர்ந்த கதையை யார் கேட்டாலும் கல்யாணத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

“ரெண்டு வாரம் உங்க அக்காகூட இருந்துட்டு வாங்க. ஆனா பதிலோட வாங்க” என்று என் மனைவி டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். அபிஷேகப்பாக்கத்தில் நான் லீவில் வந்திருப்பதாகச் சொன்னேன். வேலை போனதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் என் அக்கா வசந்தா, நான் சோற்றைப் பிசையும் விதத்திலிருந்தே பாதியைக் கண்டுபிடித்துவிடுகிறவள். மூன்றாம் நாள் காலையில், “மனசுல இன்னாமோ வச்சிக்கினு இருக்கற. எனக்குச் சொல்ல வாணாம். வீராம்பட்டினம் அம்மன்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம், வா” என்றாள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சன்னிதியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. எது வந்தால் என்ன பொருள் என்பது கேட்பவன் மனதோடு. கிழிந்த அட்டைகளில் உலக ஞானத்தையெல்லாம் படித்தவன் நான். மறுக்கவில்லை. இந்த முடிவை வேறு யாராவது எடுத்தால் தேவலை என்றிருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்துவிட்டேன். இடது கால் மடங்காமல், கொம்பு ஊன்றியதுபோல் தரையைத் தொட்டது.

“சீக்கிரம் வாக்கா. பன்னெண்டு மணிக்கு எல்கேஜி புள்ளைங்கள இட்டாரணும்” என்றான் ஏழுமலை. என்னைப் பார்த்து, “வாங்க சார். பிரான்சுலருந்து எப்ப வந்தீங்க?” என்றான்.

அந்தச் ‘சார்’ எங்கே குத்தவேண்டுமோ அங்கே குத்தியது. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அவன் வீடு இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனவன் நான். அக்காவோ அவனைத்தான் பல வருடமாகக் கூப்பிடுகிறாளாம். ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும். நடந்தது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவர்கள் அதன்மேல் அன்றாடத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். நான் மட்டும் அதைக் குளிர் நாட்டில் கெடாமல் பாதுகாத்து வைத்திருந்திருக்கிறேன்.

தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவில் கிளட்சும் கியரும் இடது கையில், பிரேக் வலது காலில். இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. அது ஓரமாக நீட்டியபடி சும்மா கிடந்தது. கரும்பு வெட்ட முடியாமல் போனவன், தன்னிடம் மிச்சமிருந்ததற்குப் பொருத்தமான வண்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கால் ஒடிந்தவன் இத்தனை வருடமாக ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிறான். கீறல்கூடப் படாதவன் பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரில் லாரி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறான்.

கோயிலில் அக்கா நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் வாழையிலைத் துண்டுகளில் மடித்துக் கட்டிக் கொடுத்தாள். வெள்ளை வந்தால் பேருந்து, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, சம்பந்தமில்லாத ஆள் யாராவது எடுக்கட்டும் என்றார். அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏழுமல, செத்த உள்ள வாப்பா. நீ எடு. ஒனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அவன் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தான். தயங்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். சிவப்பு.

எனக்கு உடம்பு முழுக்க ஏதோ அவிழ்ந்ததுபோல் இருந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. அக்கா, நல்ல சேதிதானே என்று கேட்டாள். நல்ல சேதிதான் என்றேன்.

அந்த நிம்மதி சன்னிதியிலிருந்து ஆட்டோ வரைக்கும்தான். அக்கா கடற்கரைப் பக்கம் மீன் வாங்கப் போய்விட்டாள். நானும் ஏழுமலையும் மட்டும். என் கையால எடுத்ததாச்சே, எதுக்கு எடுத்தேன்னு தெரிஞ்சிக்கலாமா சார் என்று கேட்டான். நியாயமான கேள்வி. பொய் சொல்ல வாய் திறந்தேன். வேலை போனதிலிருந்து பேருந்து வரைக்கும், சிவப்புக்கு என்ன பொருள் என்பது வரைக்கும், உண்மையே வந்துவிட்டது.

“பஸ்ஸா? நீயா?” என்றான். ‘சார்’ போய்விட்டிருந்தது. “செவப்பு வந்ததும் ஒன் மூஞ்சியப் பாத்தேன் சேகரு. ஆஸ்பத்திரில கட்டுப் பிரிச்சன்னிக்கிகூட நான் அப்பிடி சிரிக்கல.”

துண்டால் சீட்டைத் தட்டிவிட்டுக் கேட்டான்.

“டிராக்டருக்கு அப்புறம் வேற ஒண்ணும் ஓட்டலியா?”

“சைக்கிள்தான்.”

“முப்பது வருஷமா நீ வண்டி ஓட்டாம இருந்ததுல என் காலுக்கு இன்னா லாபம்?”

இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதற்குப் பிராயச்சித்தம் என்று உள்ளுக்குள் ஒரு பெரிய பெயர் வைத்திருந்தேன். அது வெறும் பயம். அவன் காலைச் சாக்காக வைத்து என் காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். எதையோ சொல்லத் தொடங்கினேன். அவன் விடவில்லை.

“நீ ஓட்னதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. கட்டு அடுக்கனது நாங்க, ஒருபக்கமா ஏத்திட்டோம். ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் கெடந்தேன். வாசப்பக்கமே பாத்துக்கினு இருப்பேன், நீ வருவன்னு. வராமயே பூட்ட பாரு. அதான்.” கோபமே இல்லை. பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னான்.

என்ன செய்வதென்று தெரியாமல், கொஞ்ச தூரம் நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். இந்த மாதிரி நேரங்களில் மனிதன் உளறுவான்.

ஏழுமலை ஆட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “வாணாம்பா. மிச்சம் இருக்கற காலு எனக்கு வேணும்” என்றான்.

இருவரும் சிரித்தோம். அக்கா மீனோடு வந்தாள். வழியெல்லாம் சங்கரா மீன் விலையைப் பற்றியே பேசினோம். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, “வரேன் சார்” என்றான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருமுனையில் இரண்டு முறை திரும்பிவிட்டு மூன்றாவது முறைதான் உள்ளே நுழைந்தேன். அவன் மனைவி நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். வரத் தவறியதைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. இந்த வருடம் மழை எப்படி என்று பேசினோம். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவுதான் பேசியிருப்போம் என்று தோன்றியது. அவ்வளவு சின்ன வேலை அது.

அன்றே அந்த அலுவலகப் பெண்ணுக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு வரி, அதில் ஒரு ‘உய்’. சரி என்று பொருள். அனுப்பும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை, பெருவிரலால் அழுத்தினேன். தைரியம் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டுவதற்கும் பயம், யாரோ வாசலையே பார்த்துக்கொண்டிருக்க நான் வராமலே இருப்பதற்கும் பயம். இரண்டாவது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அம்மன் சொன்னதை மீறித்தான் போகிறேன். அக்காவுக்கு இன்றுவரை எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று தெரியாது. அவள் கட்டுரைகள் படிப்பதில்லை. எங்கள் பாகூர்ப் பக்கத்தில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வாயைத் திறக்கவேண்டாம்.

சென்ற செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பு. பேருந்துக்கு இன்னும் எத்தனையோ மாதங்கள், இப்போதைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பெல்ட்டை மாட்டினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்றுநரும் காத்திருந்தார். நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவர் வண்டியை எடுக்கட்டும் என்று. ஊரில் எந்தக் காரில் முன்னால் ஏறினாலும் நான் உட்காருவது இந்த இடது பக்கம்தான், யாராவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று. பிரான்சில் ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால், இருபத்தைந்து வருடமும் வலது பக்கத்தில்தான் உட்கார்ந்து போய் வந்திருக்கிறேன். இப்போது இடது பக்கம், எதிரில் ஸ்டியரிங்.

“மெசியே, ஓட்டப்போவது நீங்கள்தான்” என்றார் அவர்.

உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கார் நகர்ந்தது. தெரு தானாக எதிரில் வந்தது. என் கண் திரும்பத் திரும்ப வலப்பக்கம் போனது. ஊரில்போல அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் ஓட்டுகிறார் என்று உடம்பில் ஒரு பாதி இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. மறுபாதி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.