காலியான சோளத் தோகை

சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் கடைசி அறை அவருடையது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டிலிருந்து கல்லூரியில் படிக்க வந்தவர். எங்கள் தாழ்ந்த நிலைவாசல்களில் இடித்துக்கொண்ட பழக்கத்தில், தெருவிலும் தலையைக் குனிந்தே நடப்பார். அவர் கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் கஞ்சா கேட்டுத்தான் தட்டினார்கள்.

சாயங்காலம் தள்ளுவண்டி அம்மாவிடம் சுட்ட சோளம் வாங்குவார். உரித்துப்போட்ட தோகைகளையும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

"ஏன் கண்ணு, மாடு வெச்சிருக்கறயா?" என்பார் அந்த அம்மா. இவர் சிரிப்பார்.

ஒருநாள் யாரோ சொல்லி, போலீஸ் வந்தது. கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை. கதிர் அளவுக்குச் சுருட்டி, வாழைநாரால் இறுக்கிக் கட்டிய தோகைகள். ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

"சரக்கு எங்கடா?" என்றார் ஏட்டு.

கடைத்தெருவில் கற்ற தமிழில் சொன்னார்: "இல்லீங்க. எங்க மலையில வெளையற நாட்டுக் கஞ்சாவ அப்பா இப்படித்தானுங்க கட்டுவாரு. நான் முடிச்சுல வெரல் வெச்சுக் குடுப்பேனுங்க. ஊட்டு நெனப்பு வந்தா, சும்மா கட்டுவேனுங்க."

என்ன வழக்குப் போடுவதென்று தெரியாமல் ஏட்டு போய்விட்டார். வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள்.

நான் உள்ளே போய், இறைந்து கிடந்தவற்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் ஒன்றைச் சுருட்டி, நாரைச் சுற்றி, என்னைப் பார்த்தார். முடிச்சில் விரல் வைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவிழ்த்துப்போட்ட நார்களின் முனைகளில் எல்லாம், கடித்துப் பிடித்து முடிச்சிட்ட பல் பதிந்திருந்தது.