கொன்றை பூக்கும்வரை நின்ற கம்பம்

செங்காவி கரைத்த அலுமினியச் சட்டி ஒன்று என்னோடு வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. விளிம்பு நெளிந்தது. அடியில் எத்தனை தேய்த்தாலும் போகாத சிவப்பு. சமையலுக்கு ஆகாது, பழைய பாத்திரக்காரர்கூடக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் மாசி பிறந்து, காற்றிலிருந்து குளிர் கழன்று, வேம்பு பழைய இலைகளைக் கொட்டத் தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பரணிலிருந்து அதை இறக்கிவிடுவேன். சட்டி முதலில் என்னுடையது அல்ல. எதிர்வீட்டு அக்காவுடையது.

ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு, வெள்ளகோவில் பக்கத்து மானாவாரி மண்ணிலிருந்து கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு மில் லைனுக்கு வந்து சேர்ந்தேன். எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். எல்லாச் சுவரும் ஒரே சுண்ணாம்பு வெள்ளை, எல்லாக் கதவும் ஒரே சாம்பல். சுவரில் வண்ணம் பூசக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. வந்த புதிதில் தண்ணீர்க் குடத்தோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, அங்கே ஓர் ஆண்பிள்ளை உண்டுகொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றிருக்கிறேன். எங்கள் ஊர் வறண்ட ஊர்தான். ஆனாலும் அங்கே ஆவாரம்பூவாவது மஞ்சளாகச் சிரிக்கும். இங்கே வெயிலுக்குக்கூடச் சம்பளம் கொடுத்து வெளுக்க வைத்தது போலிருந்தது.

அக்கா மில்லில் ரீலிங் பகுதியில் நூல் சுற்றும் வேலை பார்த்தாள். அதே மில்லில் வேலை செய்த அவள் புருஷன் பம்பாய்க்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவன். சேதியும் இல்லை, ஆளும் இல்லை. வீடு அவன் பெயரில் இருந்தது. மில் பதிவேட்டில் அவன் பெயரை அடித்ததும் வீட்டையும் அடித்துவிட்டார்கள். பெண் தொழிலாளிக்கு லைன் வீடு கிடையாதாம். புதிதாக வந்த பிட்டர் ஒருவருக்கு அந்த வீடு என்று முடிவாயிற்று. மாசி பிறந்த வாரத்தில் லைன் மேஸ்திரி வாசலில் நின்று அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். சோமனூரில் அண்ணன் இருந்தான். அங்கே போனால் தறிக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு மூலை கிடைக்கும். அதைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், அக்கா வாசலில் குந்தி அந்தச் சட்டியில் காவி கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங்கக்கா, உட்டுட்டுப் போகப்போற ஊட்டுக்கு எதுக்குங்க காவி?"

"போறேன்னு நானாச் சொன்னேன்? சொன்னது அவிய. பூசறது நானு. அந்த மட்டையப் புடி அம்மணி."

நசுக்கிய தென்னை மட்டையால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் நெடுகச் சிவப்புப் பட்டை இழுத்தோம். கதவு நிலைக்கு மஞ்சள் பூசினாள். கார்த்திகையிலிருந்து உடைந்த பானைகளிலும் தகரங்களிலும் அவள் வளர்த்த செண்டுமல்லி அப்போதுதான் விரிந்திருந்தது. வாசலுக்கு இருபுறமும் நெருப்பை அடுக்கியது போல அடுக்கி வைத்தாள். முன்னால் இருந்த வேப்பமரத்திலிருந்து தாழ்வாரத் தூணுக்குக் கயிறு இழுத்துச் செவ்வரளிச் சரம் தொங்கவிட்டாள். அந்த வெள்ளை வரிசையில் ஒரு வீடு மட்டும் வாயைத் திறந்து பேசத் தொடங்கியது.

மேஸ்திரி வந்தார். "இதென்ன அம்மணி, மில்லு லைனா, மாரியாத்தா கோயலா?"

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானுங்கண்ணா இருக்குது."

"ஆணி அடிக்கப்படாதுன்னு தெரியுமில்ல?"

"கயிறுங்கண்ணா. ஆணி எங்கீங்க இருக்குது, காட்டுங்க."

அவர் ஆள் விட்டுக் காவியின் மேல் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். ஈரத்தில் வெள்ளையாகத்தான் இருந்தது. காயக் காய, வெற்றிலை போட்ட வாய் போல உள்ளிருந்த சிவப்பு கசிந்து வெளியே வந்தது. அக்கா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துவிட்டு மறுபடி சட்டியை எடுத்தாள்.

அந்த வாரம் லைன் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் நோம்பி என்று சொல்லும் திருவிழா அப்படித்தான் தொடங்கும். அம்மன் முன் பூ வைத்து ஊருக்குச் சாட்டி, முக்கிளையாகக் கவைத்த மரக்கம்பம் ஒன்றைக் கோயில் வாசலில் நடுவார்கள். அதற்குத் தினமும் பெண்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பம் நின்றிருக்கும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் இராத் தங்கக்கூடாது, கல்யாணம் கூடாது, புதுக்குடி போகக்கூடாது. நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட பிறகுதான் எல்லாம்.

லேபர் ஆபீசர் மதராஸ்காரர். இதெல்லாம் தெரியாமல், வீடு காலி செய்யும் நாளைக் கம்பம் நட்டிருந்த நாட்களுக்குள்ளேயே குறித்துவிட்டார். மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். மூவர் மணிக்கட்டிலும் நோம்பிக்குக் கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு.

"வாங்கண்ணா," என்று அக்கா கதவை அகலத் திறந்துவிட்டாள். "சாமானத் தூக்குங்க. காப்புக் கட்டுன கையில என்னைய எல்லை தாண்டி உடுங்க. ஆத்தாகிட்ட நானு ஒண்ணும் சொல்லமாட்டனுங்க. நீங்களே சொல்லிக்குங்க."

ஆட்கள் இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி தன் மணிக்கட்டைப் பார்த்தார். செண்டுமல்லித் தகரம் ஒன்று வழியில் இருந்தது; அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆபீசர் சிரித்தாராம். கம்பம் எடுத்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அந்தச் சிரிப்பைக் கேள்விப்பட்ட அன்று சாயங்காலம், ரீலிங் பெண்கள் எல்லோரும் நானும் அக்காவோடு பூசாரி வீட்டுக்குப் போனோம். பூசாரியும் மில் தொழிலாளிதான். பஞ்சடிக்கும் பகுதியில் வேலை, தலைமுடியில் எப்போதும் பஞ்சு. அவர் மகளுக்குச் சித்திரையில் கல்யாணம் பேசியிருந்தது.

"கம்பத்த இந்தத் தடவ எடுக்காதீங்கண்ணா," என்றாள் அக்கா. "ஊடு எம்பேருக்கு வார வரைக்கும்."

பூசாரி தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது அம்மணி?"

"ஆத்தாளும் பொம்பளதானுங்க. ஊடில்லாத ஒரு பொம்பளைக்காக நாலு நாளு நிக்கமாட்டாளா?"

உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது. "என்ற புள்ள கண்ணாலம் வைகாசிக்குப் போவட்டுமுங்க. நிக்கட்டும் கம்பம்."

கம்பம் நின்றது. மாவிளக்கு எடுத்தாயிற்று, பூவோடு என்னும் தீச்சட்டி எடுத்தாயிற்று. கம்பம் மட்டும் நின்றது. மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் பூசாரி வானத்தைப் பார்த்து, "உத்தரவு வரோணுமுங்க" என்பார். பொழுது விடிந்தால் நாங்கள் குடத்தோடு போய்த் தண்ணீர் ஊற்றினோம். எல்லோரும் மனதாரச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாதவள் ஒருத்தி குழாயடியில் அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அக்கா அவள் குடத்தை நிரப்பித் தூக்கிவிட்டாள்.

பங்குனி நடுவில் செண்டுமல்லி கருகத் தொடங்கியது. ஒரு மத்தியானம் அவள் வாடிய தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பூ நின்னுபோச்சுன்னா நானும் தோத்துப்போவேன் கண்ணு. காலி ஊடுன்னு சொல்லிப்போடுவாங்க."

அன்றிலிருந்து பூ நிற்கவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வழியில் பூத்ததையெல்லாம் ஒடித்துவந்தார்கள். கல்யாண முருங்கையின் கிளிமூக்குச் சிவப்பு வந்தது. பிறகு வேப்பம்பூ, கொத்துக் கொத்தாக, கசப்பும் தேனும் கலந்த வாசனையோடு, வாசலே வெண்பச்சையாயிற்று. இதிலெல்லாம் தலையிடாதே என்று என்னை அடக்கிவைத்த என் புருஷன்கூட ஒருநாள் சைக்கிளில் புங்கங்கிளை கட்டி வந்து, யாரும் பார்க்காதபோது அக்கா வாசலில் சாத்திவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலக் கை கழுவினார். காலம் மாற மாற அந்த வீடு நிறம் மாறியது. மற்ற வீடுகள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சித்திரை பிறந்து சரக்கொன்றை வந்தபோது பிட்டர் தன் மனைவியை வீடு காட்ட அழைத்துவந்தார். அந்தப் பெண் சந்து முனையிலேயே நின்றுவிட்டாள். கோயில் வாசலில் ஈரக் கம்பம். இந்தப் பக்கம் வாசல் முழுக்கத் தங்கமாகத் தொங்கும் கொன்றை. மேஸ்திரி, "இதுதானுங்க காலி ஊடு" என்றார்.

"காலி ஊடு எங்கீங்க?" என்றாள் அவள். "இது குடியிருக்கற ஊடு. கம்பம் நிக்கற ஊருல வந்து நானு பால் காய்ச்சோணுமா?" என்று புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து ஒண்டியாக் காய்ச்சிக் குடிங்க."

பிட்டர் அன்றே ஆபீசில் போய் வேறு வீடு கேட்டார். கம்பம் எடுத்தாயிற்றா என்று மேஸ்திரியைக் கேட்டுக் கேட்டு அலுத்த ஆபீசர், கோபமோ களைப்போ, அக்காவின் பெயருக்கே வீட்டை மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அந்த லைனில் ஒரு பெண்ணின் பெயரில் வீடு இருந்தது அதுதான் முதல். மறுநாள் காலை பூசாரிக்கு உத்தரவு வந்துவிட்டது. கம்பத்தைக் கிணற்றில் விட்டபோது எழுந்த தண்ணீர்ச் சத்தத்துக்கு ரீலிங் பெண்கள் போட்ட குலவை, மில் சங்கையே அமுக்கிவிட்டது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் லைனை விட்டுக் கிளம்பியபோது அக்கா இந்தச் சட்டியைக் கையில் திணித்தாள். அந்த மாசியில் லைனில் சிவப்புப் பட்டை இல்லாத சுவர் ஒன்றுகூட இல்லை. கம்பெனி உத்தரவு அப்படியே இருந்தது. படிக்கத்தான் யாரும் இல்லை.

இப்போது கணபதியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டு உரிமையாளர் நேற்று வந்தார். அதிக வாடகைக்கு ஆள் இருக்கிறதாம். சித்திரையில் காலி செய்ய வேண்டுமாம். அதுவரை சுவரை அழுக்காக்காமல் வைத்திருக்க வேண்டுமாம். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் பரணில் ஏறினேன். வேம்பு இலை கொட்டுகிறது. மாடிப்படியில் செண்டுமல்லி மொட்டுவிட்டிருக்கிறது. சட்டியில் காவியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அடியில் இருந்த பழைய சிவப்பும் கொஞ்சம் கரைந்து அதோடு சேர்ந்துகொண்டது. தென்னை மட்டையை நசுக்கி வைத்திருக்கிறேன். வாசல்பக்கச் சுவரிலிருந்து தொடங்கப்போகிறேன்.