வாளோடு இத்தா இருந்தவள்

கேம் திரையில் இருவர் நின்றார்கள். விளையாடுகிறவர் அவர்களில் ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆண் வீரனுக்குக் கழுத்திலிருந்து கால்விரல் வரை இரும்பு. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு மார்பில் இரண்டு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு. அத்தோடு இரும்பு தீர்ந்துபோனது போல. இருவரும் மோதப்போவது ஒரே பூதத்தோடுதான். எனக்கு வெட்கம் வரவில்லை. பிழையாகச் செய்த கணக்கைப் பார்த்தது போல இருந்தது. வயிற்றில் ஈட்டி பட்டால் இவள் என்ன செய்வாள்?

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் என் மாமா கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். கம்ப்யூட்டர்கள் மூன்று. பின்னேரங்களில் பொடியன்மார் வந்து கேம் விளையாடுவார்கள். சனிக்கிழமை காலை மட்டும் பெண்பிள்ளைகளுக்கு. உயர்தரம் படிக்கும் நாங்கள் நாலு பேர்.

அன்று கேமை மூட நான் பிந்திவிட்டேன். என் சிநேகிதியைக் கூட்டிப்போக வந்த அவளுடைய உம்மா வாசலில் நின்றபடியே திரையைக் கண்டுவிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அடுத்த சனிக்கிழமை அவளுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது.

மாமா தலையைச் சொறிந்தார். “ஒண்டு கேம் போகணும், இல்லாட்டி சனிக்கிழமை வகுப்புப் போகணும். கேம் போனா பொடியன்மாரும் போயிருவானுகள். நீங்கதான் போகணும் போல.”

“ஒரு கிழமை தாங்க மாமா. நான் அவளுக்கு உடுப்புப் போட்டு விடுறன்.”

“நீ ஆரு, கம்ப்யூட்டருக்கு டெய்லரா?”

கேமின் படங்கள் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருப்பதை நான் முன்பே தோண்டிக் கண்டுபிடித்திருந்தேன். படம் வரையும் மென்பொருளில் அவை திறந்தன. பெரிதாக்கினால் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றாக நிறம் மாற்றலாம். அவசரத்தில் நான் வெள்ளையைத் தொட்டேன், அதுதான் இலேசு. கழுத்து முதல் கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை, தலையையும் சேர்த்து மூடினேன். மாமா தேநீரோடு வந்து குனிந்து பார்த்தார்.

“என்ன புள்ள, இவட மாப்பிள்ள மௌத்தா?”

முதலில் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டை விட்டு வெளியே போகாமல் இத்தா இருப்பாள். போருக்குப் புறப்பட்டவளுக்கு நான் அந்த உடுப்பைப் போட்டிருந்தேன்!

“வாளோட இத்தா இருக்கிற பொம்பிளைய இண்டைக்குத்தான் காணுறன்,” என்று மாமா சிரித்ததில் தேநீர் கீபோர்டில் சிந்தப் பார்த்தது.

நானும் சிரித்தேன். ஆனால் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளை முதலில் வரைந்தவன் பார்க்கிறவர்களின் கண்ணை நினைத்து வரைந்தான். நானும் அப்படியே, வாசலில் நின்ற ஒருவரின் கண்ணை நினைத்து மூடினேன். அவளுக்கு என்ன வேலை என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை எங்கள் வயலில் வெள்ளாமை வெட்டு. வாப்பாவோடு பகல் சாப்பாடு கொண்டு போனேன். வெட்டுக்கு வந்த பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சேட்டு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு போகமும் கண்டதுதான், ஆனால் நின்று பார்த்ததில்லை. ஒரு அக்காவின் சேட்டு கக்கத்தில் கிழிந்திருந்தது போலத் தெரிந்தது. கிட்டப் போனால், ஓரம் மடித்துத் தைத்திருந்தது.

“அக்கா, இது கிழிஞ்சதா?”

“கிழிஞ்சா தைக்க மாட்டனா தங்கச்சி? நான்தான் வெட்டி விட்டன். கைய மூடாட்டி நெல்லுச் சுணை பட்டு ராவெல்லாம் சொறியணும். கக்கத்தையும் மூடினா கை வீச ஏலாது.” கதிர் அறுக்கும் தாக்கத்தியை ஒரு வீச்சு வீசிக் காட்டினார். “தைச்சவனுக்கு வெட்டு வேலை தெரியா, பாவம்.”

சாப்பாடு சுற்றிய தாளிலேயே அந்தச் சேட்டை வரைந்துகொண்டேன்.

இரண்டாம் முறை மாட்டுத்தோல் போலப் பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டை, அதன் மேல் மார்புக்கும் வயிற்றுக்கும் இரும்பு, முழங்கையில் மடிகிற தகடு, கக்கத்தில் இடைவெளி விட்டு அங்கே மட்டும் கம்பி வளையங்கள். முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற வீரனைப் பார்த்தேன். அவனுடைய தோள் இரும்பு ஒவ்வொன்றும் பிரியாணிச் சட்டி அளவு. கையைத் தூக்கினால் காது போய்விடும். அவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை சிநேகிதி வீட்டுக்கே போய், அவளுடைய உம்மாவிடம் “ஒருக்கா வந்து பாருங்க மாமி,” என்று கெஞ்சி இருவரையும் கூட்டிவந்தேன். மாமி வாசலில் நின்றார். பிறகு இரண்டு அடி உள்ளே. பிறகு கதிரைக்குப் பின்னால்.

“ம்... இப்ப எங்கயோ வேலைக்குப் போற பொம்பிள மாதிரி இரிக்காள்.”

அந்தச் சந்தோஷத்தில் சிநேகிதி ஒரு பொத்தானை அழுத்திவிட்டாள். வீராங்கனை ஓரடி எடுத்து வைத்தாள். சட்டையும் போனது, இரும்பும் போனது. பழைய மூன்று துண்டுகளோடு நடந்தாள். நின்றதும் எல்லாம் திரும்பி வந்தன. நிற்கும் படத்துக்கு மட்டுமே நான் உடுத்தியிருந்தேன். நடக்க, வெட்ட, விழ எல்லாவற்றுக்கும் வேறு வேறு படங்கள் இருந்ததை மறந்துபோனேன்.

மாமா மெல்லப் படிப்பக்கம் நகர்ந்தார்.

“நிண்டா உடுப்பு, நடந்தா இல்லையா?” மாமியின் வாயோரம் துடித்தது. “இது என்ன புள்ள தையல்?”

“நடக்கிறதுக்கு எட்டுப் படம் இரிக்கி மாமி. வெட்டுறதுக்கு இன்னும் கூட.”

மாமி வெறுமையாகக் கிடந்த கதிரையை இழுத்து மகளை அதில் இருத்தினார். “இவளுக்கும் பாதியக் குடு. ஒத்த ஆளாத் தைச்சா எப்ப முடியிற? முடியும் மட்டும் நானும் வந்து பார்ப்பன், ஓம்.”

நடக்கும் படங்களில் நாலு அவளுக்கு, நாலு எனக்கு. வலது காலில் தொடங்கிவிட்டோம். வெட்டும் படங்கள்தான் பிடிபடவில்லை. கை உயரும்போது கக்கத்து இடைவெளி எவ்வளவு திறக்கும்? வயலில் வெட்டு முடிவதற்குள் அந்த அக்காவிடம் போய், தாக்கத்தியோடு கையை மெதுவாகத் தூக்கச் சொல்லி, இந்த முறை கொப்பியிலேயே வரைந்துகொண்டு வர வேண்டும்.