பச்சைக் கொப்பரை அருவியில் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்

ஏன் மடெய்ராவுக்குப் போனீர்கள் என்று கேட்பவர்களுக்கு முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் என் கணவர் யோகநாதனுக்கு பைபாஸ் நடந்தது. இனி நடக்கலாம், மலையும் ஏறலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. நாங்கள் இருக்கும் இல்ஃபோர்டின் ஸ்டேஷனில் அவர் படியில் கால் வைத்தாலே லிஃப்ட் பக்கம் இழுத்துப்போவேன். "என்னை நோயாளியாவே வச்சிருக்கப் போறீரே?" என்று ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வி தாங்காமல்தான் மே மாதத்தில் ஐந்து நாள் லீவு போட்டுக் கிளம்பினோம்.

கட்விக் விமான நிலையத்தில் இருந்து நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். போர்த்துக்கலுக்குச் சொந்தமான தீவு, அத்திலாந்திக் கடலில் இருக்கிறது. விமானம் இறங்குகிற ஓடுபாதையில் ஒரு பகுதி கடலோரத்தில் தூண்களின் மேல் நிற்கிறது. நான் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஆறுதலாக ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

வடக்கே சந்தானா என்ற ஊரில் தங்கினோம். நிலத்தைத் தொடும் வைக்கோல் கூரையோடு முக்கோண வீடுகள் அங்கே இருக்கின்றன. உள்ளியும் பட்டரும் பூசிய வட்ட ரொட்டி தருவார்கள். அதை நான் இல்ஃபோர்டில் இருந்து கொண்டுபோன, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு சாப்பிட்டோம். வேறு எப்படிச் சாப்பிடுவதாம்?

இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு நடை தொடங்கியது. லெவாடா என்றால் மலையின் இடுப்பில் வெட்டிய வாய்க்கால். மழை கொட்டும் பக்கத்துத் தண்ணீரை வறண்ட பக்கத்துக்குக் கொண்டுபோக, கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையைக் குடைந்தார்களாம். அந்த வாய்க்கால் வரம்பில்தான் நடக்கவேண்டும். ஒரு பக்கம் பாசி படிந்த பாறை, மறுபக்கம் மேகம் மிதக்கும் பள்ளம். இப்படி ஒரு பச்சையை நான் கண்டதில்லை. பேச வாய் வரவில்லை, ஒன்றைத் தவிர.

"இஞ்சாருங்கோ, நெஞ்சு நோகுதே?"

"இல்லையப்பா."

ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன். ஒவ்வொரு வளைவிலும் அதே பதில்.

பச்சைக் கொப்பரை என்று பொருள்படும் அருவி வரை ஆறரைக் கிலோமீட்டர். வழியில் நாலு சுரங்கங்கள் உண்டு, குனிந்துதான் போகவேண்டும். கடைசிச் சுரங்கத்தைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் டார்ச்சைப் பைக்குள் வைக்க நின்றேன். நிமிர்ந்தால் ஆளைக் காணவில்லை.

"இஞ்சாருங்கோ!"

பதில் இல்லை. வரம்பைப் பார்த்தேன், பள்ளத்தைப் பார்த்தேன். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன்.

"யோகநாதன்! யோகநாதன்!"

மேலே அருவிக்கு ஏறும் பாறைகளுக்குள் இருந்து அவர் ஓடி வந்தார். நடந்து அல்ல, ஓடி. "என்னப்பா? விழுந்திட்டீரே? உமக்கு என்ன?"

"நான் கூப்பிட்டது கேக்கேல்லையே?"

"முதல் கூப்பிட்டது கேட்டது. நெஞ்சு நோகுதே எண்டு கேக்கப்போறீர் எண்டு பேசாமல் நிண்டனான். பேர் சொல்லிக் கூப்பிட்டவுடன எனக்கு உயிரே போட்டுது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். என்னைவிடக் குறைவாகத்தான் வாங்கியது.

அவர் கையைப் பிடித்து மேலே ஏறினேன். நூறு மீட்டர் உயரத்தில் இருந்து தண்ணீர் பச்சைக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அரைமணித்தியாலம் இருந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: நடைபாதைக்குக் கட்டணம் உண்டு, இணையத்தில் முதலே பதியுங்கள். மழைக்குப் பிறகு பாதையை மூடிவிடுவார்கள், காலையில் விசாரியுங்கள். ஆளுக்கொரு டார்ச், மழைச்சட்டை, வழுக்காத சப்பாத்து அவசியம். தலைசுற்று உள்ளவர்களுக்கு இந்தப் பாதை ஏலாது.

திரும்பி வந்த அன்று இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் போனார். நான் லிஃப்டில் தனியாகப் போனேன்.