தம்பியின் முன்பல்

எங்கள் லேபில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். நான் வைத்த பெயர்தான். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் நான் பிளாஸ்டர் ஊற்றிக் கொடுப்பேன். அதன்மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, நிறம் சேர்ப்பது அக்கா. ஊரில் எத்தனையோ பேர் வாய் நிறையச் சிரிப்பது அவள் கைவேலையால்தான், அவள் சிரித்து நான் பார்த்தது மட்டும் குறைவு. எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு ஜன்னல். அதைத் திறப்பதா மூடுவதா என்று பதினோரு வருஷமாகச் சண்டை.

அக்கா தனி ஆள். அம்மா போன பிறகு வீட்டில் அவளும் ஒரு ரேடியோவும்தான். உறவென்று மிச்சம் இருந்தது தூர ஊரில் ஒரு தம்பி. அம்மாவின் கடைசி நாளுக்கு அவன் வந்து சேரவில்லை. அதற்காகப் போனில் அவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அதன் பிறகு எப்போது போன் செய்தாலும் இரண்டாவது நிமிஷம் சண்டை. கடைசியில் அவன் மெயில் அனுப்பினான்: "போன் வேணாம்க்கா, வார்த்தை தடிச்சுப் போகுது. எழுதிக்கலாம்."

மெயிலிலேயே எழுதித் தொலைக்கலாமே என்று கேட்டேன். "லீவ் லெட்டர் எழுதற மாதிரி இருக்கு" என்றாள். எங்கே எழுதுவது என்பதில் அடுத்த சண்டை. அக்கா இருந்தது, பல் கட்டும் தொழில்காரர்கள் படமும் பதிவும் போட்டுப் பேசிக்கொள்ளும் ஒரு சின்ன சர்வர். மொத்தமே இருநூறு பேர். அதில் ஒருத்தர் தன் வீட்டு அலமாரியில் வைத்து அதை ஓட்டுகிறார். தம்பி இருந்ததோ வேறொரு பெரிய வலை.  இங்கே எழுதுவது அங்கே தெரியாது. "நீ இங்க வா" என்றாள் இவள். "நீதான் இங்க வாயேன்" என்றான் அவன். பிடிவாதத்தில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கடைசியில் அவனே வழி சொன்னான். நடுவில் பாலம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பின்தொடர்ந்தால் உன் பதிவெல்லாம் எனக்கு வந்துவிடும் என்று. அக்கா அன்றைக்கே பின்தொடர்ந்தாள்.

அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும், அன்று செய்ததில் ஒன்றைப் படமெடுத்துப் போடுவாள். கீழே ஒரு வரி: "இன்னிக்குக் கடைவாய்ப் பல்லு. மிட்டாய்ப் பார்ட்டி." சர்வரில் நாலு பேர் நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். தம்பியிடமிருந்து ஒன்றும் வராது. இப்படி இரண்டு வருஷம். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், போனைப் பார்ப்பாள், டப்பாவை மூடிவிடுவாள். "இன்னும் கோவம் போகல போல" என்பாள். எனக்கு அந்தத் தம்பியின்மேல் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் போனில் இடமில்லை என்று என்னிடம் கொடுத்தாள். நோண்டிக்கொண்டிருந்தபோது, அவள் மியூட் செய்துவைத்த பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. பாலம்.

"அதுவா? 'அந்தப் பக்கத்துல உங்களுக்குப் பதில் வந்திருக்கு'ன்னு ஒரே நச்சரிப்பு. ஏதோ விளம்பரம்னு வாயை அடைச்சுட்டேன்."

பாலத்தின் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். விஷயம் இதுதான். பாலத்துக்கு இரண்டு பக்கத்து ஆளும் தனித்தனியாகச் சம்மதம் சொல்ல வேண்டும். அக்கா சொன்னாள், அவள் பதிவெல்லாம் போய்ச் சேர்ந்தது. வழி சொன்ன மகராசன் தன் பக்கத்தில் அதைச் செய்யவே இல்லை. அவன் எழுதிய பதிலெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. பதில் இருக்கிறது என்ற தகவல் மட்டும் இந்தப் பக்கம் வந்தது, அதையும் இவள் அடைத்துவிட்டாள். நல்ல அக்கா, நல்ல தம்பி!

பாலம் அனுப்பிய தகவலில் இருந்த இணைப்பைத் தட்டினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பதில்கள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரு வாய்க்கா இது, குகை மாதிரி இருக்கு." "விரல்ல கட்டு தெரியுதே, மெழுகுல சுட்டுக்கிட்டியா?" "இது அம்மா பல்லு மாதிரியே இருக்கு. அழுதுட்டேன்." முதலில் வாய்விட்டுப் படித்தாள், பிறகு சத்தமில்லாமல். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முந்தைய பதிலில் ஒரு படம். மேல் வரிசை நடுவில் ஓட்டை. "வழுக்கி விழுந்து முன்பல்லு போச்சு. நீ கட்டித் தர்றியாக்கா? நானே வர்றேன். அம்மா விஷயத்துக்கும் நேர்ல மன்னிப்புக் கேக்கணும். சரின்னு ஒரே ஒரு வார்த்தை போடு."

அடுத்த பதினெட்டு நாளும் அவன் எழுதியது "அக்கா?" மட்டும். அதன் பிறகு கடைசிப் படம், ஓட்டை அடைபட்ட வாயோடு. "புரிஞ்சுதுக்கா. இங்கயே கட்டிக்கிட்டேன்." அதற்கப்புறம் அவன் அங்கே எதுவுமே எழுதவில்லை.

அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். "நிறம் சரியில்ல. எங்க வீட்டுப் பல்லு இவ்ளோ வெள்ளை கிடையாது" என்றாள். சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாள்.  போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அவன் நம்பருக்குப் போன் போட்டால், உபயோகத்தில் இல்லை என்றது. மெயிலுக்கும் பதில் இல்லை. அங்கே வரவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தவள், அவன் வலையில் அன்றைக்கே ஒரு கணக்குத் திறந்தாள்.

மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கண்ணாடியில் தன் முன்பல்லையே பார்த்து நிறம் சேர்த்தாள். உடைவதற்கு முன்னால் அவன் எடுத்த பழைய படம் ஒன்றை வைத்து வடிவம் பிடித்தாள். ஒரே ஒரு பல்லுக்கு அன்று முழுப் பகலும் போனது. டப்பாக்களில் டாக்டர் பெயரும் நோயாளி எண்ணும் எழுதுவது வழக்கம். இந்த டப்பாவில் "தம்பி" என்று எழுதி ஜன்னலோர அலமாரியில் வைத்தாள். பல்லைப் படமெடுத்துத் தன் சர்வர், அவன் வலை என்று இரண்டு பக்கமும் போட்டாள். கீழே "சரி" என்று மட்டும் எழுதினாள்.

டப்பாவில் தூசி விழுகிறது என்று இப்போது ஜன்னலை அவளே மூடிவிடுகிறாள். நான் சண்டைக்குப் போவதில்லை. தினமும் வேலை முடிந்ததும், அவனுடைய ஒவ்வொரு "அக்கா?"வுக்குக் கீழேயும் போய் ஒரு "சரி" எழுதினாள், நாளைக்கு ஒன்றாக. நேற்றோடு பதினெட்டும் முடிந்தது. இன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கடைசிப் படத்துக்குக் கீழே எழுதினாள்: "நிறம் சரியில்லடா. வா, மாத்தித் தர்றேன்."